நாளையும் இடத்தையும் மாற்றிப் பார்த்தல்: வானப் பாவனைக் கருவிக்கு ஓர் அறிமுகம்

பங்குனி மாதம் கடைக்கு வரும் புதுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால், பல மாதங்கள் கழித்து வரவிருக்கும் கிரகணம் எந்த நாளில், எத்தனை மணி எத்தனை நிமிடத்திற்குப் பிடித்து, எப்போது விடும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்த நேரத்தைப் பார்த்தே கோயில் நடை சாத்துகிறார்கள். வீடுகளில் சமையலை முன்கூட்டியே முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் நடக்காத ஒன்றை நிமிடக் கணக்கில் இவ்வளவு உறுதியாக எப்படி நம்ப முடிகிறது என்று கேட்பவர்களுக்கு, அதற்கான விடையைத் தங்கள் கையாலேயே தேடிப் பார்க்க இன்று ஒரு வழி இருக்கிறது. வானத்தைக் கணித்துத் திரையில் காட்டும் கருவிகளைச் சொல்கிறேன். சிமுலேஷன் என்று பரவலாக வழங்கும் இதைத் தமிழில் உருவகப்படுத்துதல் என்றும் பாவனை என்றும் எழுதுகிறார்கள். இக்கட்டுரையில் பாவனைக் கருவி என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கிரகணத்தைப் பற்றிய காணொளி ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்றால், அதை எடுத்தவர் நின்ற இடத்திலிருந்து, அவர் நின்ற நேரத்தில் தெரிந்ததை மட்டுமே பார்க்கிறீர்கள். பாவனைக் கருவியில் அவ்வாறு பதிவு செய்து வைத்த காட்சி எதுவும் இல்லை. சூரியன், சந்திரன், கோள்கள் ஆகியவை எந்த விதிப்படி நகர்கின்றன என்ற கணக்கு மட்டுமே அதற்குள் இருக்கிறது. நீங்கள் ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் கொடுத்தால், அந்தக் கணத்தில் அந்த இடத்திலிருந்து ஒவ்வொரு பொருளும் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதைக் கணித்து, அதன்பின் படமாக வரைகிறது. நாளை மாற்றினால் மீண்டும் கணிக்கிறது. ஊரை மாற்றினாலும் மீண்டும் கணிக்கிறது. கருவிக்கு நேற்றும் நாளையும் ஒன்றுதான், இரண்டும் அதன் கணக்கில் வெவ்வேறு எண்கள் மட்டுமே. பயனர் கேட்கக் கேட்க உடனுக்குடன் கணித்து விடை தருவதால்தான் இதை ஊடாடும் பாவனை என்கிறோம்.

இந்த வகையில் தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது ஸ்டெல்லேரியம். ஃபேபியன் ஷெரோ என்னும் பிரெஞ்சு நிரலாளர் 2000ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய இது, கணினியில் விலையின்றி நிறுவிக்கொள்ளக்கூடிய, மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள். கணினியில் நிறுவ இயலாதவர்கள், உலாவியிலேயே இயங்கும் வடிவத்தைப் பயன்படுத்தலாம். இதிலுள்ள கோள்களின் கணக்கு, பாரிஸ் நகரின் வானியலாளர்கள் 1987இல் வெளியிட்ட கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. நூற்றுக்கணக்கான சிறு திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக் கோளின் இடத்தைக் கண்டறியும் முறை அது.

கணக்கை வைத்துக்கொண்டு வானத்தின் நாளையை அறிவது கணினியோடு வந்த புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு மிக அழகான சான்று புதுச்சேரியிலேயே கிடைக்கிறது. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் வசித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரிடம் 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தக் கணிதரிடம் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும் கணக்கை நடத்திச் சென்றார். தேவையான அட்டவணைகள் அனைத்தும், எழுத்துகளுக்கு எண்மதிப்பு கொடுத்து அமைத்த சொற்றொடர்களாக அவர் நினைவில் இருந்தன. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரிலுள்ள வாக்கியம் என்ற சொல் இத்தகைய சொற்றொடர்களையே குறிக்கிறது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. சந்திரன் பூமியை நெருங்கியும் விலகியும் செல்லும் சுற்று ஏறத்தாழ 248 நாட்களில் ஒன்பது முறை முடிந்து பழைய நிலைக்குத் திரும்புவதால், நாளுக்கு ஒன்றாக அத்தனை வாக்கியங்கள் போதுமானவையாயின. அவர் கணித்த கிரகணம், தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் உண்மையிலிருந்து பிசகியது. நினைவையும் சோழியையும் மட்டுமே நம்பிய ஒரு கணக்கு இவ்வளவு நெருங்கி வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஸ்டெல்லேரியத்தின் உள்ளே நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். அட்டவணை பெரியது, சோழிகளுக்குப் பதில் மின்சுற்று, விடை எண்ணாக இல்லாமல் படமாக வருகிறது.

இனிச் செய்து பார்ப்போம். கருவியைத் திறந்தவுடன் எஃப் 6 விசையை அழுத்தினால் இடத்தைக் குறிக்கும் சாளரம் வரும். அதில் கடலூரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் கிடைக்காவிட்டால் வடக்கு அகலாங்கு 11.75 பாகை, கிழக்கு நெட்டாங்கு 79.77 பாகை என்று நீங்களே இட்டுக்கொள்ளலாம். புதுச்சேரிக்கு முறையே 11.93, 79.83. எஃப் 5 விசை நாளையும் நேரத்தையும் மாற்றும் சாளரத்தைத் திறக்கும். காலத்தை ஓடவிட எல் விசையும், வேகத்தைக் குறைக்கவோ பின்னோக்கி ஓடவிடவோ ஜே விசையும், இயல்பான வேகத்திற்குத் திரும்பக் கே விசையும் உள்ளன. எங்கோ நெடுந்தொலைவு சென்று வழிதவறிவிட்டால் எண் 8ஐ அழுத்துங்கள், இந்தக் கணத்திற்கே திரும்பிவிடுவீர்கள். இவ்வளவு தெரிந்தால் தொடங்கப் போதும். மற்ற பொத்தான்களைத் தேவை வரும்போது அறிந்துகொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உடனே பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் தாவிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். கருவி சொல்வது மெய்தானா என்பதை நீங்களே சரிபார்க்கக்கூடிய நிகழ்வு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊருக்கு அதற்கு மிகப் பொருத்தமானது நிழல் இல்லா நாள். ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. கருவியில் ஏப்ரல் 21ஐ வைத்து, சூரியனைச் சொடுக்கி, அதன் உயரக் கோணத்தைக் கவனித்தபடி நேரத்தை நகர்த்துங்கள். பன்னிரண்டு மணிக்கு அது இன்னும் உச்சியை எட்டியிருக்காது. ஏறத்தாழ பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தில்தான் 90 பாகையை நெருங்கும். இந்திய நேரம் 82.5 பாகை நெட்டாங்கிற்கு உரியது, நாமோ அதற்கு மேற்கே ஏறத்தாழ 2.7 பாகை தள்ளி இருக்கிறோம் என்பதே இந்தப் பத்து நிமிடத் தாமதத்தின் முதன்மைக் காரணம். இனி, அந்த நாள் வரும்போது மொட்டை மாடியில் ஒரு நேரான குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, நிழல் எந்த நிமிடத்தில் அடியோடு சுருங்குகிறது என்று பாருங்கள். திரையில் கண்ட எண்ணும் தரையில் கண்ட நிழலும் ஒத்துப்போகும் அந்த நிமிடத்திற்குப் பிறகு கருவியின் மீது வரும் நம்பிக்கை வேறு வகையானது.

அடுத்ததாக, உங்களில் பலர் நேரில் பார்த்த ஒரு நாளுக்குச் செல்லலாம். 2019 டிசம்பர் 26 காலை. கடலூரை இடமாக வைத்து, சூரியனைத் திரையின் நடுவில் பெரிதாக்கிக்கொண்டு எட்டு மணியிலிருந்து காலத்தை ஓடவிட்டால், சற்று நேரத்தில் விளிம்பில் சிறு கடி விழுவதையும், ஒன்பதரை மணியளவில் சூரியன் பிறைபோல் ஒடுங்கி நிற்பதையும் காண்பீர்கள். இப்போது நாளையும் நேரத்தையும் தொடாமல் இடத்தை மட்டும் திண்டுக்கல்லுக்கு மாற்றுங்கள். பிறை மறைந்து, அதே நேரத்தை ஒட்டி ஒரு முழு ஒளிவளையம் தோன்றும். அன்றைய கங்கண கிரகணத்தின் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகச் சென்றது. கடலூர் அந்தப் பாதைக்கு வெளியே இருந்தது. நிகழ்வு ஒன்றே, ஆனால் நின்ற இடத்தால் காட்சி வேறு. பக்கம் பக்கமாக விளக்கினாலும் மனத்தில் பதியாத இந்த உண்மை, இடத்தை ஒருமுறை மாற்றிப் பார்த்தாலே பதிந்துவிடுகிறது.

வருங்காலத்திற்கும் இதே முறைதான். 2028 டிசம்பர் 31 இரவு, ஊரெங்கும் புத்தாண்டை வரவேற்கக் காத்திருக்கும் வேளையில், எட்டரை மணியைத் தாண்டியதும் சந்திரனின் மேல் பூமியின் நிழல் ஏறத் தொடங்கும். ஒன்பதே முக்கால் மணியிலிருந்து பதினொரு மணி வரை சந்திரன் முழுவதுமாக நிழலுக்குள் இருக்கும். நள்ளிரவு கழிந்தவுடன் நிழல் விலகும். 2031 மே 21 நண்பகலுக்குப் பின் மற்றொரு கங்கண கிரகணம் மதுரைப் பக்கமாகச் செல்லும். கடலூருக்கு அன்றும் பகுதிதான். கருவியில் இவற்றை முன்கூட்டியே பார்த்துவைத்தால், வெளியூர் செல்ல வேண்டுமா, கடற்கரையிலேயே நின்று பார்க்கலாமா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளலாம். சூரியனைப் பார்க்க உரிய வடிகண்ணாடி கட்டாயம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையில் சூரியனைப் பார்த்துப் பழகிய கண் வெளியிலும் அதே துணிச்சலோடு பார்த்துவிடக் கூடாது.

இந்தக் கருவியால் எது முடியும், எது முடியாது என்பதைப் புதுச்சேரியில் நடந்த ஒரு நிகழ்வைப்போல் வேறெதுவும் காட்டியதில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு என்பது வானியலின் பெரும் கேள்வியாக இருந்தது. வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய நாட்களில், பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அதன் நேரத்தைத் துல்லியமாகக் குறித்து ஒப்பிட்டால் அந்தத் தொலைவைக் கணித்துவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கில வானியலாளர் வழி சொல்லியிருந்தார். 1761இலும் 1769இலும் அத்தகைய இடைநகர்வு வரவிருந்தது. அதை அளப்பதற்காகப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கியோம் லெ ஜாந்தில் 1760இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார். ஆனால் அவர் வந்து சேரும் முன்பே, 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. கப்பல் திரும்பியது, ஜூன் 6 அன்று இடைநகர்வு நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். தெளிந்த வானில் அதைக் கண்ணாரக் கண்டும், ஆடும் கப்பலில் பயனுள்ள அளவீடு எதையும் அவரால் எடுக்க இயலவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து வரும் அடுத்த வாய்ப்புக்காக அவர் பிரான்சுக்குத் திரும்பாமல் கிழக்குக் கடற்பகுதிகளிலேயே தங்கினார். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தபின், 1768இல் இங்கே வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மாளிகை இடிபாடுகளின் மேல் ஒரு வானாய்வகத்தை அமைத்துக்கொண்டார். தமிழ்க் கணிதர்களின் கிரகணக் கணக்கையும் அந்த நாட்களில்தான் ஆராய்ந்தார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்ததையும், ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூடுதலாகக் காட்டியதையும் அவர் பதிந்திருக்கிறார்.

இப்போது கருவியில் புதுச்சேரியை இடமாக வைத்து, 1769 ஜூன் 4, விடியற்காலை ஐந்தரை மணிக்குச் செல்லுங்கள். நேரம் இந்திய நேரப்படி இருக்கட்டும். இன்னும் சில நிமிடங்களில் கடலுக்கு மேல் சூரியன் எழும். அதைப் பெரிதாக்கினால், விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கரும்புள்ளி தெரியும், அதுவே வெள்ளி. இரவிலேயே தொடங்கிவிட்ட இடைநகர்வின் கடைசிப் பகுதி அது. காலத்தைச் சற்று வேகமாக ஓடவிட்டால், ஏழு மணியளவில் அந்தப் புள்ளி விளிம்பைத் தொட்டு, வெளியேறி, மறைந்துவிடும். லெ ஜாந்தில் காண விரும்பிய காட்சி முழுவதும் உங்கள் மேசைமேல் நடந்து முடிகிறது. அவர் அதைக் காணவில்லை. முந்தைய நாட்களில் தெளிவாக இருந்த வானம், அன்று விடியலில் மேகத்தால் மூடிக்கொண்டது. இடைநகர்வு முடிந்தபின்தான் சூரியன் வெளிப்பட்டது. அவர் முன்பு தங்கியிருந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. பல நாட்கள் எழுதுகோலைத் தொட முடியாத நிலையில் இருந்தார்; 1771இல் ஊர் திரும்பியபோது, இறந்துவிட்டதாகக் கருதி அவருடைய கழக இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

பள்ளி மாணவர்கள் சிலருக்கு இந்தக் காலையை நான் திரையில் காட்டியபோது, ஒரு மாணவி, "அப்படியானால் மேகத்தை ஏன் ஐயா இது காட்டவில்லை?" என்று கேட்டாள். அதைவிடச் சிறந்த கேள்வியை நான் இதுவரை கேட்கவில்லை. வெள்ளிக் கோள் அன்று எங்கே இருக்கும் என்பதை ஹாலி பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணித்துவிட்டார். அன்று காலை மேகம் வருமா என்பதை, புதுச்சேரியிலேயே ஓராண்டுக்கும் மேலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரால் முந்தைய மாலையில்கூடச் சொல்ல முடியவில்லை. இரண்டும் வானத்தில் நடப்பவைதான். ஆனால் ஒன்றை வெகுதொலைவு வரை கணிக்கலாம், மற்றொன்றைச் சில நாட்களுக்கு மேல் கணிக்க இயலாது.

ஏன் இந்த வேறுபாடு? கோள்களுக்கிடையே பெரும் வெட்டவெளி இருக்கிறது. அவற்றை இயக்குவது ஏறத்தாழ ஈர்ப்பு ஒன்றே. தொடக்க நிலையை அளப்பதில் சிறு பிழை இருந்தாலும், அந்தப் பிழை மிக மெதுவாகவே வளரும். காற்றும் ஈரமும் அப்படியல்ல. எட்வர்ட் லோரன்ஸ் என்னும் அமெரிக்க வானிலை அறிஞர் 1961இல் தம் கணினியில் ஒரு வானிலைப் பாவனையை இரண்டாம் முறை ஓட்டியபோது, 0.506127 என்று இட வேண்டிய எண்ணைச் சுருக்கி 0.506 என்று இட்டார். கொஞ்ச தூரம் பழைய பாதையிலேயே சென்ற கணக்கு, பின்னர் முற்றிலும் வேறொரு வானிலைக்குப் போய்விட்டது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அவ்வளவு நுட்பமாக ஒவ்வோரிடத்திலும் அளப்பது எவராலும் இயலாது. ஆகவே வானிலைக் கணிப்பாளர்கள் தொடக்க எண்களைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' என்று பெயரிடப்பட்ட புயலைக் கடலூர்க் கரையில் அனுபவித்தவர்களுக்கு, புயலின் பாதை ஒற்றைக் கோடாக வராமல் போகப் போக விரியும் பட்டையாகவே வரைபடத்தில் வருவது நினைவிருக்கும். அந்தப் பட்டையின் அகலம், கணிப்பாளர் தமக்குத் தெரியாததன் அளவை ஒளிக்காமல் சொல்லும் முறை. கிரகணப் பாதைக்கு அப்படி ஒரு பட்டை தேவைப்படுவதில்லை.

பஞ்சாங்கத்தில் கிரகண நேரமும், அந்த ஆண்டில் எத்தனை மழை, எத்தனை புயல் என்ற பலனும் ஒரே அச்சில், ஒரே உறுதியோடு வருகின்றன. முதலாவது கணித்தபடி நடப்பதைப் பார்த்து இரண்டாவதையும் நம்பிவிடுவது இயல்பு. பாவனைக் கருவியோடு சில நாட்கள் பழகினால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் வருகிறது. நான் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதன் காரணமும் அதுதான்.

கடலூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது 2004 டிசம்பர் 26ஐத் தவிர்த்துவிட முடியாது. அந்த நாளுக்குக் கருவியில் சென்றால், அது மார்கழிப் பௌர்ணமி என்பதைக் காண்பீர்கள். பௌர்ணமியன்று கடல் பொங்கியதால் நிலவே காரணம் என்று அப்போது சொன்னவர்கள் பலர், இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அன்று காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடித் தரை உடைந்து பெயர்ந்ததே ஆழிப்பேரலைக்குக் காரணம். அது கடலூரின் தேவனாம்பட்டினம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. கருவியில் நிமிடம் நிமிடமாக அந்தக் காலையை நகர்த்திப் பாருங்கள். சூரியன் வழக்கம்போல் எழுகிறது. வழக்கத்திற்கு மாறான எதுவும் வானில் இல்லை. ஆண்டுதோறும் பன்னிரண்டு, பதின்மூன்று பௌர்ணமிகள் வந்து போகின்றன என்பதையும் அதே கருவியில் எண்ணிப் பார்க்கலாம். நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்பதைச் சொல்லும் கணக்கு, கோள்களைக் கணிப்பது போன்ற ஒன்று, இன்று எவரிடமும் இல்லை. நிலநடுக்கம் நிகழ்ந்த பிறகு அலை எப்போது எந்தக் கரையை அடையும் என்பதைக் கணிக்க முடியும். 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையம் செய்வது அதைத்தான்.

பின்னோக்கிச் செல்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று நாட்காட்டி. இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி 1582 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸ் அந்த ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது, பிரிட்டன் 1752 வரை ஏற்கவில்லை. ஆகவே 1740களில், பிரெஞ்சுப் புதுச்சேரிக்கும் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்த கடலூருக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவுதான் என்றாலும், ஒரே காலையில் இரண்டு ஊர்க் கடிதங்களிலும் எழுதப்பட்ட தேதிகள் 11 நாட்கள் வேறுபட்டன. அக்கால ஆங்கிலக் கடிதம் ஒன்றில் குறித்த நாளை ஸ்டெல்லேரியத்தில் இட்டு அன்றைய நிலவைப் பார்க்க விரும்புபவர், 11 நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1582க்கு முற்பட்ட நாட்களுக்குக் கருவி தானாகவே பழைய ஜூலியன் நாட்காட்டிக்கு மாறிவிடுகிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஆண்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வானியலாளர்கள் 0 என்ற ஆண்டையும் எண்ணுவதால், கி.மு. 1 கருவியில் 0 ஆகவும், கி.மு. 100 கருவியில் கழித்தல் 99 ஆகவும் வரும். நேரத்திலும் எச்சரிக்கை வேண்டும். இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906இல்தான் என்பதால், திரையில் காட்டும் மணி எந்த நேரக் கணக்குப்படி வருகிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுப் பெட்டியில் ஐந்து இலக்க எண்ணை இட்டாலும் கருவி மறுக்காது, தயங்காமல் ஒரு படத்தை வரைந்துவிடும். அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெள்ளி, செவ்வாய் போன்ற அண்மைக் கோள்களின் கணக்கு நம் காலத்திற்கு முன்னும் பின்னும் சுமார் நாலாயிரம் ஆண்டுகள் வரை மிகத் துல்லியமானது. அதற்கப்பால் துல்லியம் குறையும். அதைவிட முன்பே தளர்ந்துவிடுவது நம் பூமியின் சுழற்சி. கடல் ஓதங்களின் உராய்வால் பூமி மிக மெல்லத் தளர்ந்து சுழல்கிறது. ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி விநாடி கூடுகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றினாலும், நாள்தோறும் சேர்ந்து சேர்ந்து, முதலாம் இராசராசன் ஆண்ட காலத்திற்குச் செல்லும்போது பூமியின் சுழற்சிக்கும் சீரான காலக் கணக்குக்கும் இடையிலான வித்தியாசம் 26 நிமிடம் ஆகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சூரிய கிரகணத்தின் நிழல் பூமியில் விழுவது உறுதியாகவே இருக்கும், ஆனால் அந்தக் கணத்தில் பூமியின் எந்தப் பக்கம் அந்த நிழலுக்கு நேரே திரும்பியிருந்தது என்பது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. பாபிலோனியரும் சீனரும் விட்டுச் சென்ற கிரகணக் குறிப்புகளைக் கொண்டு கடந்த காலத்திற்கு இதைத் திருத்திக்கொள்கிறார்கள். வருங்காலத்திற்கு அப்படித் திருத்தக் குறிப்பு ஏதும் இல்லாததால், கி.பி. 3000ஆம் ஆண்டின் ஒரு கிரகணம் எந்த நாளில் நிகழும் என்பதை உறுதியாகச் சொல்லலாம். அது எந்த ஊரின் மேல் முழுதாக விழும் என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது.

வெள்ளி இடைநகர்வு 2004 ஜூன் 8 அன்றும் 2012 ஜூன் 6 அன்றும் மீண்டும் வந்தது. அடுத்தது 2117 டிசம்பர் 11. புதுச்சேரியை இடமாக வைத்து அந்த நாளின் விடியலுக்குச் செல்லுங்கள். லெ ஜாந்தில் காத்திருந்த காலையைப் போலவே அன்றும் சூரியன் கடலிலிருந்து எழும்போதே அதன் முகத்தில் அந்தக் கரும்புள்ளி இருக்கும். இம்முறை உடனே விலகிவிடாமல் பதினொரு மணி வரை நிற்கும். டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் இருக்குமா என்பதை அன்று காலை கடற்கரைச் சாலையில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.